பதினெட்டு சதவீதம்

"இதுல புரதம் பதினாலு சதவீதம்தான் போட்டிருக்கு. பதினெட்டு இருக்கிறதாக் குடுங்க."

தீவனக் கடைக்காரர் அலுத்துக்கொண்டே வேறு பையை எடுத்தார். "முயலுக்கு எதுக்கும்மா அவ்வளவு?"

"ஆறு குட்டி போட்டிருக்கு. பால் குடுக்கிற தாய்க்குச் சத்து வேணாமா? அப்படியே குதிரைமசால் புல்லும் ஒரு கட்டு குடுங்க."

அண்ணி பையைத் திருப்பித் திருப்பிப் படிப்பதைப் பார்க்க நாத்தனாருக்கு எரிச்சலாக வந்தது.

ஏழு மாத வயிற்றோடு அப்பாவைப் பார்க்க நேற்று ராத்திரிதான் வந்திருந்தாள். லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு தூக்கிய அவர் கை, குச்சியாகிப் போயிருந்தது. அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அப்பாவுக்கு எல்லாமே அண்ணிதான்.

மத்தியானம் அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள்; அண்ணி பரிமாறினாள். மகள் தட்டில் பருப்பு, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால்.

அப்பா தட்டில் கொஞ்சம் சோறும், வேகவைத்த முட்டைக்கோஸும்.

தன் முட்டை ஒன்றை எடுத்து அப்பா தட்டில் வைத்தாள். அண்ணி சட்டென்று அதை எடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"முயலுக்குப் பார்த்துப் பார்த்து வாங்கத் தெரியுது. எங்கப்பாவுக்கு ஒரு முட்டை குடுக்க மனசு வரலையா? பெத்த பொண்ணு பக்கத்துல இல்லேன்னா கேக்க நாதியில்லேன்னு நினைச்சீங்களா?"

அண்ணி மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

"அவளை ஏம்மா ஏசற?" என்றார் அப்பா. "எனக்குக் கிட்னி ரெண்டும் பழுதாயிடுச்சு. புரதம் ஆகாது, முட்டை, பருப்பு, பால் எதையும் கிட்ட சேர்க்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"எப்போப்பா? எனக்கு ஏன் சொல்லல?"

"ஆறு மாசமாச்சு. சொல்ல நினைச்சப்போ நீ முழுகாம இருக்கேன்னு போன் பண்ணினே. பிரசவம் முடியற வரைக்கும் உன் காதுக்குப் போகக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான். முயல் வளர்க்கிறதும் நான்தாம்மா. என் கையால ஒரு உசிராவது நல்லாச் சாப்பிடட்டுமேன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று சமையலறைக்குள் போனாள்.

அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் அதே சோறு, அதே வெந்த முட்டைக்கோஸ். மேடையில் பருப்பும் முட்டையும் மூடியபடியே இருந்தன.

"அண்ணி... நீங்க ஏன் இதைச் சாப்பிடறீங்க?"

அண்ணி தட்டை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தனியாச் சாப்பிட்டா மாமாவுக்கு இது தொண்டையில இறங்க மாட்டேங்குதும்மா. அன்னியிலேர்ந்து நானும் அவர்கூட உக்காந்து இதைத்தான் சாப்பிடறேன். இன்னிக்கு நீ கண்டுபிடிச்சுடுவியோன்னுதான் இங்க வந்து உக்காந்தேன்."