ஊர் சுற்றும் பையன்

புருஷன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனபிறகு, புதிதாகக் குடிவந்த வீட்டில் மரிவிக்குக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டுப் பலகைச் சுவர்தான். தினமும் காலையில் அதன் வழியாகச் சேலிங் அக்காவின் அர்ச்சனை கேட்கும்.

"ராத்திரி எங்கடா சுத்திட்டு வந்த? சட்டையெல்லாம் ஒட்டுப்புல்லு. நேத்துதானே துவைச்சுப் போட்டேன். வாயைத் திறக்கிறானா பாரு."

பையன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பாவமாக இருந்தது. இன்று தேங்காய் மிட்டாயோடு போய்க் கதவைத் தட்டிவிட்டாள்.

"திட்டாதீங்கக்கா. சின்னப் பையன்தானே?"

"சின்னப் பையனா? இந்தச் செபு ஊர்ல இவன் கால் படாத சந்து கிடையாது. எல்லாரும் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க. இந்தா, நீயும் மிட்டாயோட வந்துட்ட."

"எங்க அவன்?"

சேலிங் அலமாரி மேலே கை காட்டினாள். கிரீடமும் சிவப்பு வெல்வெட் அங்கியுமாக, முழ உயரத்தில் குழந்தை இயேசு நின்றிருந்தார். காலடியில் ஏற்கெனவே மிட்டாய்க் குவியல். அங்கியின் ஓரத்தில் நிஜமாகவே ஒட்டுப்புல்.

மரிவிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி யார் வீட்டுக்குப் போறாராம்?"

சேலிங் ஒரு புல்லைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தத் தெருவுல இது முளைச்சிருக்கிறது உன் வாசல்ல மட்டும்தான். ராத்திரி நீ தனியா அழறது எனக்கே கேட்குது. இவனுக்குக் கேட்காதா?"

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, நாளை புல் வெட்ட வரச் சொல்லியிருந்த ஆளுக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றாள் மரிவிக்.