அளவுக்கு ஓர் ஆள்

கூடப் படித்தவன், காட்டுப் பாறைகளுக்கு நடுவே தனக்கென்று கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டினான். சமையலறைக்கு அடியிலேயே ஓடை ஓடியது. நானும் ஆர்க்கிடெக்ட்தான், இருப்பது வாடகை ஃபிளாட். வயிறு எரிந்தது.

கூடத்தில் வீட்டின் முதல் வரைபடம் மாட்டியிருந்தது. உயரம் புரிவதற்காக ஜன்னலோரம் ஓர் ஆளை வரைந்திருந்தான். வழுக்கைத் தலை, கட்டம் போட்ட சட்டை. அன்று நான் போட்டிருந்த அதே சட்டை.

“யாருடா இது?”

“சும்மா, அளவுக்கு ஒரு ஆளு. பத்து வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது.”

அப்போது எனக்குத் தலை நிறைய முடி.

கிளம்பினேன். காரைத் திருப்பும்போது நண்பன் வாசலில் நின்று கையாட்டினான். அவனுக்குப் பின்னால், கண்ணாடி ஜன்னலோரம், கட்டம் போட்ட சட்டைக்காரன் சாவகாசமாக ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடுத்துவைத்தவன்.