பத்துச் சொட்டு

எனோரா வெண்ணெய்க் கேக்கை வெட்டி முதல் துண்டை க்வெனோலாவிடம்தான் நீட்டினாள். அதுவே க்வெனோலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வகமே எனோராவின் கணினியைச் சுற்றி நின்றது. அவள் கண்டுபிடித்த வைரஸின் மரபணு எழுத்துகள் அன்று காலைதான் பாரீஸிலிருந்து வந்திருந்தன. இரண்டு லட்சத்துச் சொச்சம் எழுத்துகள். நடுவே, பாசியைக் கொல்லும் அந்த வைரஸ் பாசியிடமிருந்தே திருடி வைத்திருந்த ஒரு மரபணு. இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

பதினாறு வருடமாகப் போர்கென் துறைமுகத்தில் வாளி வாளியாகக் கடல்நீர் மொண்டு வைரஸ் தேடியவள் க்வெனோலா. கைதட்டல், நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளானுக்கு.

எனோராவுக்கு வைரஸ் வேலையே கிடையாது. துறைமுகத்து நீர் நிரப்பிய குடுவைகளில் பாசி வளர்த்துக் கொடுப்பவள். வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, பச்சையாக இருந்த குடுவை ஒன்று தெளிந்துபோய்க் கிடந்தது. பாசி முழுக்கச் செத்திருந்தது.

வேறொருத்தி என்றால் கழுவி ஊற்றியிருப்பாள். இவள் வடிகட்டிப் பார்த்தாள். துறைமுகத்து நீரோடு வந்த வைரஸ் என்று குறித்துவைத்தாள்.

தலைவர் ஹெர்வே க்வெனோலா பக்கம் திரும்பினார். "உன் பழைய வைரஸ் பாட்டில்கள்ல இது இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா. இல்லேன்னா, கண்டுபிடிப்பை எனோரா பேர்லயே இன்னைக்குப் பதிவுக்கு அனுப்பிடலாம்."

குளிர் அறையில் க்வெனோலா பதினான்காம் பாட்டிலை எடுத்தாள். அவளுடைய கையெழுத்து, ஒன்பது வருடம் பழைய தேதி. மரபணு எழுத்துகளைப் படிக்க அனுப்பவேண்டும், அனுப்பவேண்டும் என்று தள்ளிப்போட்டே வந்த பாட்டில்.

அவளுக்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

எனோராவின் பாசியை எல்லாரும் புகழ்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, இதிலிருந்து பத்துச் சொட்டு எடுத்து அந்தக் குடுவைக்குள் விட்டவள் அவள்தான். திங்கட்கிழமை எனோரா அழட்டும் என்று.

என்னுடையது என்று இப்போது சொல்லலாம். அது எனோராவின் குடுவைக்குள் எப்படிப் போனது என்றும் சொல்லவேண்டும்.

பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். மேலே ப்ளீச் ஊற்றினாள்.

சோதனைக்கு ஆகும் மூன்று மணி நேரத்தை, கடல் உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் கழித்தாள். பிறகு போய், இல்லை என்றாள்.

எனோரா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வயித்துல பாலை வார்த்தீங்கக்கா!"