மேனேஜர் யார், மச்சான்?

"நீ மேனேஜர்னா நான் யாரு, மாவு பிசையறவனா?"

கஸ்ஸான் இப்படிக் கேட்டதும், அவன் தங்கையின் கணவன் தாமிர் நிதானமாகத் தேநீரை உறிஞ்சினான். "நீ நல்லாப் பிசைவே மச்சான். திறமையை மதிக்கணும்ல?"

ஜோர்டான் தலைநகர் அம்மானில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு கடை காலியாகியிருந்தது. அங்கே ஃபலாஃபெல் என்கிற கொண்டைக்கடலை வடையைச் சுட்டு விற்றால் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். "யார் பேர்ல பத்திரம்னு முடிவு பண்ணிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குள்ள வாங்க. அதுக்கப்புறம் முதல்ல வர்றவங்களுக்குக் கொடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார் சொந்தக்காரர் ஹாஜி மிஸ்பாஹ். அருகிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து, காலை ஒன்பது மணியிலிருந்து முடிவு பண்ணிக்கொண்டிருந்தார்கள் இருவரும்.

"கூட்டு வியாபாரம். சரி பாதி. முடிஞ்சுது" என்றான் தாமிர்.

"குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க" என்றார் அடுத்த மேசையில் இருந்த கண்ணாடிக்காரர். "இவர் சுட்டதைத் தின்னு எவனுக்காவது வயித்தை வலிச்சா, கேஸ் உங்க மேலயும் வரும்."

தாமிர் மச்சானின் கைகளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"உஸ்தாத், நீங்க வக்கீலா?" என்றான் கஸ்ஸான்.

அவர் அடக்கமாகச் சிரித்து, நாற்காலியை இவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப கம்பெனியாப் பதிஞ்சிடலாமா?" என்றான் தாமிர்.

"தாராளமா. கம்பெனின்னா தலைவர் வேணுமே. யாரு?"

"நான்" என்றார்கள் இருவரும்.

அவர் ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டார். சமையல் பிரிவு, விற்பனைப் பிரிவு, ஊறுகாய்ப் பிரிவு. "ஊறுகாய் யாருக்குக் கீழே வரும்?"

"எனக்குக் கீழேதான். போடறது எங்கம்மா" என்றான் தாமிர்.

"உங்கம்மா ஊறுகாய் இருக்கிற கம்பெனியில நான் இருக்க மாட்டேன்."

"எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே."

"நான் ஊறுகாயைப் பத்திதான் பேசறேன்."

ஊறுகாய் ஒரு மணி நேரம் ஓடியது. அதற்குள் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்திருந்தது. இவர்கள் போட்ட சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. கடைசியில், ஒரு வாரம் இவன் தலைவர், மறு வாரம் அவன், ஊறுகாய் தனிச் சுதந்திரப் பிரிவு என்று ஒப்புக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கஸ்ஸானின் கண் கலங்கிவிட்டது. "உஸ்தாத், நீங்க இல்லேன்னா நாங்க இன்னிக்கி அடிச்சுக்கிட்டிருப்போம். உங்களுக்கு நாங்க என்ன தரணும்?"

அவருடைய போன் அடித்தது. "சரிம்மா, இதோ வந்துட்டேன்" என்று எழுந்தவர், காகிதத்தை மடித்து அவன் கையில் வைத்தார்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. அந்தக் கடையை இப்பதான் என் பொண்டாட்டி கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கா. தொழுகை முடியற வரைக்கும் உங்களைப் பேச வைக்கச் சொல்லி, அவதான் என்னை இங்க உட்கார வெச்சா. எங்க கடையில தலைவர் யாருங்கற பேச்சே கிடையாது."