ஓரத்துக் கொடி

மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. ஓரத்துப் பூங்கொடி வளைந்து வளைந்து வந்து, நான்கு மூலைகளிலும் ஒட்டாமல் நின்றது.

“வளைவு அப்படித்தானுங்க வரும், பெரியவரே,” என்றார் அச்சகக்காரர் மம்மது.

“எங்க ஊட்டுப் பத்திரிகையில கொடி அறுந்து நிக்கறதா? தடியாப் போட்டுச் சேத்துங்க! சிவப்பு மை வேண்டாம், கட்சி நோட்டீசாட்ட இருக்கும். கறுப்பே போதும்.”

அப்படியே அச்சடித்துத் தபாலில் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலையில் சம்பந்தியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

“யாருங்க போனது?” என்று பதறினேன்.

என்னைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார்.

“கருமாதிக் கடிதாசியை ஊட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுங்களே! மேல இருந்த பேரை மட்டும் பாத்துட்டுப் பொறப்பட்டோமுங்க,” என்று பின்னாலேயே ஓடிவந்த சம்பந்தி பத்திரிகையை நீட்டினார்.

நான்கு பக்கமும் இடைவெளியே இல்லாத கறுப்புக் கட்டம். அதற்குள் கொட்டை எழுத்தில் என் பெயர்.