கட்டைமேல் நின்ற ஜீப்

முதலிபாளையம் பட்டறையில் மகுடேஸ்வரனின் பச்சை ஜீப் பின்சக்கரங்கள் இல்லாமல் கட்டைகள்மேல் நின்றது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட் இரண்டும் உடைந்திருந்தன. மெக்கானிக் வெள்ளியங்கிரி அவற்றை அறுத்தெடுத்துவிட்டுப் புதியவற்றை வெல்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“பனியன் கம்பெனி வெச்சுட்டு, ஜாலிக்குப் பாறைக்குழில எறக்கி ஓட்டுனா வண்டி தாங்குமுங்களா? இன்னும் ஒரு மணி நேரமாகுமுங்க.”

மகுடேஸ்வரன் சிரித்தபடி மகள் தரணியின் பள்ளிக்குப் போன் செய்தார்.

“பாப்பாவக் கூப்பிட வர லேட்டாகுமுங்க. கொஞ்சம் உக்கார வெச்சுக்கங்க.”

“ஏனுங்க, வெளையாடறீங்களா?” என்றாள் ஆயா சித்ரகலா. “இப்பத்தானுங்க நீங்களே வந்து பாப்பாவ ஜீப்புல ஏத்தீட்டுப் போனீங்க! பின்னாடி கடகடன்னு சத்தம் வருது, பாருங்கன்னு சொன்னதுக்குத் தலையாட்டுனீங்களே.”

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி பட்டறைக்கு முன்னால்தான். அவர் சாலைக்கு ஓடினார். அவருடைய நம்பருடன் ஒரு பச்சை ஜீப், பின்பக்கம் ஆட்டம் கண்டபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

“தரணி!”

ஓட்டியவர் திரும்பவில்லை. பின்சீட்டில் இருந்த தரணி மட்டும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். பிறகு முன்சீட்டின் பக்கம் குனிந்து கேட்டாள்.

“யாருங்கப்பா அது?”