பதினெட்டு மணி நேரம்

அபுல் ஹசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. மதார் பீவி இந்நேரம் இந்தியாவுக்கு மேலே பறந்துகொண்டிருப்பாள்.

டோங் டு பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு மூன்றே பேர். சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் நாட்டை விட்டே போய்விட்டார்கள். தொழுது முடித்தும் அவர் எழவில்லை. மனைவியை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டுப் பக்கமே போகவில்லை.

"என்னா நானா, அவங்க எதுவரைக்கும் போயிருப்பாங்க?" பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் இப்ராஹிம்.

விமான அலுவலகத்தில் சொன்னது அவருக்கு மனப்பாடம். பாரிஸ் பத்தாயிரம் கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் பாங்காக், கராச்சியில் இறங்கி ஏறிப் பதினெட்டு மணி நேரம்.

"கராச்சிய நெருங்கியிருப்பா."

"மேலேருந்து காரைக்கால் தெரிஞ்சிருக்குமா?"

"கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஓதிக்கிட்டிருப்பா. பாரிஸே வந்தாலும் தெறக்க மாட்டா."

இப்ராஹிம் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க வர முடியாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னா ஏறுவாளா?"

மதார் பீவிக்குச் சர்க்கரை வியாதி. ஊரெல்லாம் தேடியும் இன்சுலின் இல்லை. கையில் இருந்தது பத்து நாளைக்கு. பாரிஸில் மகள் இருக்கிறாள், மருந்தும் இருக்கிறது. தகப்பனார் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் வெளியேறுகிறவர்கள் பட்டியலில் மதார் பீவியின் பெயர் வந்தது. அபுல் ஹசனின் மனு திரும்பி வந்தது.

அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் வருவதாக அவளிடம் சொல்லியிருந்தார். அப்படி ஒரு விமானம் இல்லை. இன்று போனதுதான் கடைசி.

"அடுத்த வாரம் எடம் கெடைக்குமான்னு வாசல்ல நின்னு கேட்டா. பாதி காலியாத்தான் போகும்னேன்."

"பொய்யிலயும் தாராளந்தான் நானா."

கல்யாணமான மறு மாதமே அவளைக் காரைக்காலில் விட்டுவிட்டு ஜவுளிக் கடைக்குக் கப்பலேறியவர் அவர். பதினோரு வருஷம் அவள் கடிதங்களோடு குடும்பம் நடத்தினாள். சைகோன் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு அது வழக்கம். பிறகு அழைத்துக்கொண்டபோது, துறைமுகத்தில் அவர் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

இனி ஒற்றையில் இருப்பது தன் முறை என்று நினைத்துக்கொண்டார். அவள் பிழைத்துக்கொள்வாள், அது போதும்.

வெயில் தாழ்ந்தபின் மெல்ல நடந்தார். தெருமுனையில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பூட்டிய வீட்டைத் தானே திறந்து அவருக்குப் பழக்கமில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மீன் பொரிகிற சத்தம். கூடத்தில் அவிழ்க்காத பெட்டி. மதார் பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காலையிலேருந்து எங்க சுத்துறீங்க மச்சான்? தனியா ஏற மனசு வரல, திரும்பிட்டேன்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மொகம் இப்படிப் போவுது? ஒரு வாரந்தானே, அடுத்ததுல ரெண்டு பேருமா ஒண்ணாப் போவோம்."